காணிப்பாக்கச் சத்தியமும் குடியரின் மூளையும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் மது வரலாறு

சித்தூர் நகருக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், பகுதா ஆற்றங்கரையில் உள்ள காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயில், ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியிலும் அதை ஒட்டிய தமிழ்நாடு, கர்நாடக மாவட்டங்களிலும் சத்தியம் செய்வதற்குரிய தலமாக நெடுங்காலமாகப் பெயர் பெற்றிருக்கிறது. கடன் வழக்கு, திருட்டுப் பழி, பங்காளிப் பூசல் ஆகியவற்றில் உண்மை எது என்று ஊராரால் துணிய முடியாதபோது, வழக்குக்கு உரியவர்கள் அங்கே சென்று, கோயில் குளத்தில் மூழ்கி எழுந்து, கிணற்றுக்குள் தானே தோன்றியதாகவும் இன்றும் வளர்ந்து வருவதாகவும் நம்பப்படும் விநாயகர் முன் நின்று ஆணையிடுவர்; பொய்ச் சத்தியம் செய்தவரை அத்தெய்வம் விடாது என்ற அச்சமே அந்த ஆணைக்கு வலிமை தந்தது. இதே வழக்கத்தின் மற்றொரு கிளையாக வளர்ந்ததுதான், குடிப்பழக்கத்துக்கு ஆட்பட்டவர்கள் இனிக் குடிப்பதில்லை என்று அங்கே செய்யும் சத்தியம். முதல்வகைச் சத்தியம் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றியது. இரண்டாவது வகையோ இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றியது, அதாவது சத்தியம் செய்பவர் நாளையும் மறுநாளும் எடுக்கப்போகும் முடிவுகளைப் பற்றியது.

கம்பெனி ஆட்சிக் காலம் முதல் இன்றுவரை, மதுவுக்கு வரி விதித்த அதிகாரி, மதுவிலக்குச் சட்டம் இயற்றிய அமைச்சர், சத்தியம் வாங்கிய ஊர்ப் பெரியவர் ஆகிய மூவகையினரும், குடிப்பவரைத் தம் நன்மை தீமைகளைச் சீர்தூக்கித் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் குறையாத ஒருவராகவே கருதி வந்தனர். ஆனால், ஆண்டுக்கணக்கில் அருந்தப்படும் மது, அந்தத் தேர்வைச் செய்யும் உறுப்பாகிய மூளையையே, அதிலும் குறிப்பாக நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியையே, சேதப்படுத்துகிறது என்பதைக் கடந்த 150 ஆண்டுக்கால மருத்துவ ஆய்வு படிப்படியாக நிறுவியிருக்கிறது. அந்த அறிவைத் துணைக்கொண்டு இவ்வட்டாரத்தின் மது வரலாற்றைப் படித்தால், எந்த ஏற்பாடுகள் குடிப்பவருக்கு உண்மையில் கைகொடுத்தன, எவை அவரிடம் தேய்ந்துபோயிருந்த ஒரு வலிமையை அவரிடமே கேட்டு நின்றன என்பது விளங்கும்.

ஏலமும் வரியும்

1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது சித்தூரும் திருப்பதியும் அதன் நேரடி ஆட்சிக்குள் வந்தன. அப்பகுதிகள் வட ஆர்க்காடு மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. சித்தூரே நெடுங்காலம் அம்மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911 ஏப்ரல் 1 அன்று, வட ஆர்க்காட்டின் தெலுங்கு வட்டங்களும் கடப்பை மாவட்டத்தின் மதனபள்ளி, வாயல்பாடு வட்டங்களும் இணைக்கப்பட்டுச் சித்தூர் தனி மாவட்டம் ஆயிற்று. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்நிலத்தில் பனை, ஈச்சை, தென்னை ஆகிய மூன்று மரங்களிலிருந்தும் கள் இறக்கப்பட்டது. தெலுங்கு ஊர்களில் ஈடிகரும் தமிழ் ஊர்களில் கிராமணியாரும் அத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தனர்.

கள்ளுக்கும் சாராயத்துக்கும் உள்ள வேறுபாடு இவ்வரலாற்றில் முதன்மையானது. மரத்திலிருந்து வடியும் இனிய சாறு காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்களால் தானே புளித்துக் கள்ளாகிறது. அதில் மதுச்சாரம், அதாவது எத்தனால், பெரும்பாலும் நூற்றுக்கு 4 முதல் 6 பங்குக்குள் அடங்கும். மேலும் ஓரிரு நாளில் அது காடியாகிவிடுவதால் நெடுந்தொலைவு கொண்டுசெல்லவோ சேமித்து வைக்கவோ இயலாது. சாராயமோ புளித்த ஊறலைக் காய்ச்சி வடித்துப் பெறப்படுவது, அதன் மதுச்சாரம் கள்ளைப்போல் பல மடங்கு, கெடாமல் நிற்கும், பீப்பாயில் அடைத்து வண்டியில் ஏற்றலாம். ஆகவே ஊர்தோறும் சிதறிக் கிடந்த மரங்களைக் கணக்கெடுப்பதைவிட, ஒரு வடிசாலையின் வாயிலில் நின்று சாராயத்தை அளந்து வரி வாங்குவது அரசுக்கு எளிதாக இருந்தது.

கலால் என்றும் ஆப்காரி என்றும் வழங்கப்பட்ட மதுவரி, தொடக்கத்தில் குத்தகை முறையில் திரட்டப்பட்டது. ஒரு பகுதியில் மது தயாரித்து விற்கும் உரிமையை மிக உயர்ந்த தொகைக்குக் கேட்டவருக்கு அரசு கொடுத்தது. அவர் கட்டிய தொகையையும் தம் ஆதாயத்தையும் எடுக்க வேண்டுமானால் கூடுதலாக விற்றாக வேண்டும். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், தயாரித்தல், கொண்டுசெல்லுதல், விற்றல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும் என்று விதித்து, கள் இறக்கும் மரத்துக்கு மரவரியும் சாராயத்துக்கு உற்பத்தி வரியும் கடைக்கு ஏலத்தொகையும் வாங்கும் முறையை நிலைப்படுத்தியது. 1930களில் சென்னை மாகாண அரசின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கலால் வழியாகவே வந்தது. இத்தகைய வரியின் உள்ளியல்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எப்போதாவது குடிப்பவரிடமிருந்து வரும் தொகை சிறிது, நாள்தோறும் குடிப்பவரிடமிருந்து வருவதே பெரிது. எனவே குடியை நிறுத்த இயலாதவரின் தொகை பெருகுவதற்கேற்ப அரசின் வருவாயும் பெருகியது.

1938: சித்தூரில் மதுவிலக்கு

1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது மாகாணம் எங்கும் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பல ஊர்களில் சாதிக் கூட்டங்கள் கூடி, குடிப்பதில்லை என்று தீர்மானம் செய்து, மீறுவோருக்குத் தண்டமும் விதித்தன. அவ்வியக்கத்திலிருந்து எழுந்த ராஜாஜி, திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமம் அமைத்து, மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். 1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானவுடன் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1938 அக்டோபர் 1 அன்று, அது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 அக்டோபர் 1 அன்று வட ஆர்க்காட்டுக்கும் விரிந்தது. இவ்வாறு, இந்தியாவில் மதுவிலக்கை முதலில் கண்ட மாவட்டங்களின் வரிசையில் சித்தூருக்கு இரண்டாம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் கொண்டுவரப்பட்ட பொது விற்பனை வரி, இந்தியாவில் அவ்வகையில் முதலாவதாகும். பின்னர் நாடு முழுவதும் மாநிலங்களின் முதன்மை வருவாயாக வளர்ந்த அவ்வரியின் தோற்றத்துக்கு மதுவிலக்கே காரணம்.

இந்த முதல் சோதனை நீடிக்கவில்லை. 1939 அக்டோபர் இறுதியில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது; போர்க்காலத்தில் ஆளுநரின் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1946க்குப் பின் அது கட்டங்கட்டமாக மீண்டு, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதையும் தழுவியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, மருந்துத் தேவை தவிர்த்த மதுவுக்குத் தடை விதிக்க முயல்வதை அரசின் கடமைகளில் ஒன்றாக வைத்தது. 1953 அக்டோபர் 1 அன்று சித்தூர் மாவட்டம் புதிய ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தபோது மதுவிலக்கும் உடன் சென்றது. ஆனால் கள்ளச்சாராயம் பெருகியதையும், கள் இறக்கும் தொழிலாளர் பிழைப்பிழந்ததையும் காட்டி அதற்கு எதிர்ப்பு வலுத்தது. எஸ். வி. ராமமூர்த்தி தலைமையிலான குழு மதுவிலக்கைக் கைவிடப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரையை ஏற்காத டி. பிரகாசத்தின் அமைச்சரவை 1954 நவம்பரில் ஒரே வாக்கு வேறுபாட்டில் கவிழ்ந்தது. ஓர் அரசையே வீழ்த்தும் அளவுக்கு நடந்த அந்த விவாதம், வருவாய், தொழில், சட்டம் ஒழுங்கு ஆகியவற்றைச் சுற்றியே சுழன்றது. ஏற்கெனவே குடிக்கு ஆட்பட்டுவிட்டவருக்கு மருத்துவம் என்ன என்ற கேள்வி அதில் இடம்பெறவில்லை.

மூளை பற்றிய அறிவு வளர்ந்த வழி

அக்கேள்விக்கான விடையின் முதல் பகுதி மருத்துவ நூல்களில் அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1881இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, கண்ணசைவு தடைப்படுதல், நடை தள்ளாடுதல், மனம் குழம்புதல் ஆகிய மூன்றும் சேர்ந்து தோன்றிய மூன்று நோயாளிகளை விவரித்தார். அவர்களில் இருவர் நெடுநாள் குடித்தவர்கள். சில ஆண்டுகளுக்குப் பின் ரஷ்ய மருத்துவர் செர்கேய் கோர்சகோஃப், நெடுங்காலம் குடித்தவர்களிடம் காணப்பட்ட ஒருவகை மறதியை விவரித்தார். அவர்கள் பழைய நிகழ்ச்சிகளை ஓரளவு நினைவில் வைத்திருந்தாலும், சற்றுமுன் நடந்ததைத் தக்கவைக்க இயலாமல், அந்த இடைவெளியை நடக்காத நிகழ்ச்சிகளால் தம்மை அறியாமலே நிரப்பிப் பேசினர். இவ்விரண்டும் ஒரே நோயின் முற்பகுதியும் பிற்பகுதியும் என்பதும், வைட்டமின் பி1 எனப்படும் தயமின் குறைவே அதன் காரணம் என்பதும் பின்னர்த் தெளிவாயின. நரம்பணுக்கள் சர்க்கரையை ஆற்றலாக மாற்றுவதற்குத் தயமின் இன்றியமையாதது. குடிப்பவர் சரிவர உண்பதில்லை என்பதோடு, மதுவும் குடலிலிருந்து தயமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது.

தயமினின் வரலாற்றுக்கும் தென்னிந்தியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தீட்டிய பச்சரிசியை முதன்மை உணவாகக் கொண்ட வட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதிவரை நிலவியது. நெல்லை அவிக்கும்போது தயமின் உமிப்புறத்திலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி உண்ணும் தமிழ் மாவட்டங்கள் பெரிதும் தப்பின. தயமினின் வேதியமைப்பைக் கண்டறிந்து 1936இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் ஆர். வில்லியம்ஸ், அமெரிக்கச் சமயப் பணியாளர்களின் மகனாக 1886இல், சித்தூருக்கு அண்டை மாவட்டமான நெல்லூரில் பிறந்தவர். சித்தூரில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த 1938க்குச் சற்று முன்பே, குடியரின் மூளை அழிவுகளில் ஒன்றைத் தடுக்கும் மருந்து உலகில் கிடைக்கத் தொடங்கிவிட்டது என்பது, சட்டமும் மருத்துவமும் எவ்வளவு தொலைவாக விலகி நடந்தன என்பதைக் காட்டுகிறது.

முடிவெடுக்கும் ஆற்றல் தேயும் விதம்

தயமின் குறைவு இல்லாதபோதும் மது மூளையை மாற்றுகிறது. மூளையில் நரம்பணுக்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலை மது கூட்டுகிறது. அவற்றைத் தூண்டும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. நாள்தோறும் இந்த அமுக்கத்துக்கு உள்ளாகும் மூளை, தன் சமநிலையைக் காக்கும் பொருட்டு, காபாவுக்கு மந்தமாகவும் குளூட்டமேட்டுக்குக் கூர்மையாகவும் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதன்பின் முன்பு குடித்த அளவு போதை தருவதில்லை. குடிக்காவிட்டாலோ கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றுகின்றன. காலையில் கண் விழித்தவுடன் குடிப்பவர் பெரும்பாலும் இன்பத்துக்காக அன்றி அந்த நடுக்கத்தைத் தணிக்கவே குடிக்கிறார்.

இதனினும் ஆழமான மாற்றம் முன்நெற்றிப் புறணி எனப்படும் பகுதியில் நிகழ்கிறது. எழும் உந்துதலை அடக்குதல், பின்விளைவை எண்ணிப்பார்த்தல், முந்தைய இழப்பிலிருந்து பாடம் கற்றல் ஆகியவை அப்பகுதியின் பணிகள். 1987இல் சிட்னி ஆய்வாளர்கள், இறந்த குடியர்களின் மூளைகளை ஆராய்ந்து, மேல் முன்மூளைப் புறணியில் நரம்பணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததைக் கண்டனர். அங்குள்ள நரம்பணுக்களை மூளையின் பிற பகுதிகளோடு இணைக்கும் வெண்பொருளும், உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையும் சுருங்குவதைப் பின்வந்த படமெடுப்பு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. அதே வேளையில், இன்பத்தையும் எதிர்பார்ப்பையும் பதிவு செய்யும் டோபமின் சுற்றுகள் மதுவோடு தொடர்புள்ள ஒவ்வொரு குறிப்புக்கும், அதாவது கடையின் விளக்கு, மாலை நேரம், கூலி வாங்கிய கை, உடன் குடிப்பவரின் குரல் ஆகியவற்றுக்கு, மேலும் மேலும் கூர்மையாக எதிர்வினை புரியப் பழகுகின்றன. கடிவாளம் தளர்ந்துபோன வேளையில் குதிரையின் வேகம் கூடியதைப் போன்றது இந்நிலை.

இதன் விளைவை அளந்து காட்டிய சோதனை ஒன்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1994இல் வெளியிடப்பட்டது. பங்கேற்பவர் நான்கு சீட்டுக்கட்டுகளிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுக்க வேண்டும். இரண்டு கட்டுகள் பெரிய தொகையைத் தந்து, அதைவிடப் பெரிய இழப்பையும் தரும். மற்ற இரண்டும் சிறு தொகையையே தந்தாலும் முடிவில் ஆதாயம் தரும். நலமுள்ளவர்கள் சில சுற்றுகளுக்குப் பின் ஆதாயக் கட்டுகளுக்கு மாறிவிடுகின்றனர். முன்நெற்றிப் புறணியின் அடிப்பகுதியில் காயம்பட்டவர்களோ, இழப்பது தெரிந்தும் முதல் இரண்டு கட்டுகளையே நாடுகின்றனர். பின்னர் இச்சோதனை மதுச்சார்பு உடையவர்களிடம் நடத்தப்பட்டபோது, அவர்களில் குறிப்பிடத்தக்க பகுதியினர் மூளைக்காயம் பட்டவர்களைப் போலவே தேர்ந்தெடுத்தனர். நாளைய பெருநன்மையை விட்டு இன்றைய சிறு இன்பத்தைப் பற்றும் இந்தப் போக்கைத்தான் குடும்பத்தார் "சொன்னால் கேட்பதில்லை" என்றும் ஊரார் "நாணயம் கெட்டவன்" என்றும் நெடுங்காலமாகப் பேசி வந்துள்ளனர். பேச்சில் தெளிவும், பழைய தொழிலில் திறமையும், கணக்கில் சரியும் உள்ள ஒருவரிடமும் இக்குறை இருக்கக்கூடும் என்பதால், அது நோய் என்பது மற்றவருக்கும் அவருக்குமே புலப்படாமல் போகிறது.

பொட்டலச் சாராயமும் பெண்களின் எழுச்சியும்

1960களின் இறுதியில் ஆந்திரப் பகுதியில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, சாராயக் கடைகளுக்கான ஏலம் மீண்டும் தொடங்கியது. 1980களில் என். டி. ராமராவ் அரசு, 'வாருணி வாஹினி' என்ற பெயரில், அரசே சாராயத்தை நெகிழிப் பொட்டலங்களில் அடைத்து வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்த சாராயத்தைக் குடிக்கக் கடைவரை நடந்து செல்ல வேண்டியிருந்தது. பொட்டலமோ மிதிவண்டியில் ஏறி வயலுக்கும், கூலி கொடுக்கும் இடத்துக்கும், வீட்டு வாசலுக்குமே வந்து சேர்ந்தது. உந்துதலுக்கும் அது நிறைவேறுவதற்கும் இடையே இருந்த நேரமும் தொலைவும், தளர்ந்த மூளைக்கு எஞ்சியிருந்த பாதுகாப்பாகும். பொட்டலம் அந்த இடைவெளியையும் அகற்றிவிட்டது.

அதற்கு விடையளித்தவர்கள் பெண்கள். 1992இல் நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டா கிராமத்தில், எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்புகளில் கூடிய பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தனர். அச்செய்தி ஒரு பாடமாக எழுதப்பட்டு மற்ற ஊர்களின் வகுப்புகளில் படிக்கப்பட்டதும், அவ்வூர்களிலும் பெண்கள் துடைப்பத்தோடு கிளம்பினர். வர்தினேனி ரோசம்மாவின் பெயர் அவ்வியக்கத்தின் அடையாளமாயிற்று. நெல்லூரிலிருந்து சித்தூருக்கும் ராயலசீமையின் பிற மாவட்டங்களுக்கும் பரவிய அவ்வியக்கம், கடைகளை மூடியதோடு நில்லாமல், மாவட்டத் தலைநகரங்களில் நடந்த சாராய ஏலத்தையே மறித்தது. ஏலம் கேட்க வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். 1993 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலும், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரி 16 முதல் எல்லா மதுவுக்கும் தடை வந்தது.

எழுத்தறியத் தொடங்கியிருந்த அப்பெண்கள் மூளையியல் நூல் எதையும் படித்திருக்கவில்லை. ஆயினும் அவர்கள் தேர்ந்த வழி அவ்வறிவோடு பொருந்தி நின்றது. கணவனிடம் கெஞ்சுவதையும் சத்தியம் வாங்குவதையும் ஆண்டுக்கணக்கில் செய்து பார்த்தவர்கள், குடிப்பவரின் மன உறுதியை நம்புவதை விட்டு, அவர் நடக்கும் பாதையிலிருந்து மதுவை அகற்ற முற்பட்டனர். முடிவெடுக்கும் ஆற்றல் குறைந்த ஒருவருக்கு, எடுக்க வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கையையே குறைத்துக் கொடுப்பதுதான் முதல் உதவி என்பதை அவர்கள் பட்டறிவால் கண்டிருந்தனர்.

1995இன் முழு விலக்கு இரண்டு ஆண்டுகளே நீடித்தது. தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநில எல்லைகளிலும் அமைந்த சித்தூர் மாவட்டத்துக்கு மது கடத்திவருவது கடினமன்று. கரும்பு வெல்லத்துக்குப் பெயர் பெற்ற அம்மாவட்டத்தின் கறுப்பு வெல்லமோ, காடுகளிலும் மலையடிவாரங்களிலும் நாட்டுச் சாராயம் காய்ச்சுவோருக்கு எளிதில் கிடைக்கும் மூலப்பொருளாக இருந்தது. அதே மாவட்டத்தின் நாராவாரிபள்ளியில் பிறந்த சந்திரபாபு நாயுடுவின் அரசு, வருவாய் நெருக்கடியைக் காட்டி 1997இல் விலக்கைத் தளர்த்தியது. சாராயத் தடை மட்டும் தொடர்ந்தது. 2019இல் பதவிக்கு வந்த அரசு, உரிமமில்லாத 'பெல்ட் கடை'களை அகற்றி, சில்லறை விற்பனையை அரசே ஏற்றது. 2024 அக்டோபரில் விற்பனை மீண்டும் தனியாருக்குச் சென்றது. இவ்வளவு மாற்றங்களுக்கும் இடையே மாறாமல் நிற்பது திருமலை மட்டுமே: மலையடிவாரத்தில் அலிபிரிச் சோதனைச் சாவடியிலேயே மதுவும் புகையிலையும் தடுக்கப்படுவதால், மலைமேல் தங்கும் நாட்களில் குடிப்பவருக்கு அதை மறுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

சத்தியத்தின் வலிமையும் எல்லையும்

இப்பின்னணியில் காணிப்பாக்கச் சத்தியத்தை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டிஷ் நீதிமுறையே அத்தகைய சத்தியங்களை மதித்தது: 1873ஆம் ஆண்டின் இந்தியச் சத்தியப் பிரமாணச் சட்டம், எதிர்த்தரப்பினர் தம் சமயத்துக்குரிய முறையில் ஆணையிட்டால் அதற்குக் கட்டுப்படுவதாக ஒரு தரப்பினர் முன்வர இடம் கொடுத்தது, 1969இன் புதிய சட்டமே அந்த ஏற்பாட்டை நீக்கியது. குடியை விடும் சத்தியத்தில் மூன்று பயன்கள் உள்ளன. முதலாவது, தெளிவான ஒரு வேளையில் எடுத்த முடிவைத் தெளிவற்ற வேளைக்கும் கட்டளையாக்கி, ஒவ்வொரு மாலையும் புதிதாக முடிவெடுக்கும் சுமையை அது நீக்குகிறது. இரண்டாவது, தொலைவில் உள்ள கல்லீரல் நோய்க்கு அஞ்சாதவரும் உடனடியாக வரக்கூடியதாக நம்பும் தெய்வ தண்டனைக்கு அஞ்சுகிறார். மூன்றாவது, "சாமி முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன்" என்ற ஒரு சொல், உடன் குடிக்க அழைப்பவரின் வற்புறுத்தலை மரியாதை கெடாமல் நிறுத்திவிடுகிறது. ஐயப்பனுக்கு மாலை அணிந்து 41 நாள் விரதம் இருக்கும் வழக்கத்திலும் இம்மூன்று பயன்களும் உண்டு. குடிக்கு ஆட்பட்டவரும் அந்நாட்களில் குடிக்காதிருப்பதை இவ்வட்டாரக் குடும்பங்கள் நன்கு அறியும்.

ஆனால் இவ்வழக்கங்களுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது காலம் பற்றியது. மதுவை விட்ட சில வாரங்களிலேயே சுருங்கிய மூளையின் பரும அளவு மீளத் தொடங்குகிறது என்றாலும், கவனமும் உந்துதலை அடக்கும் ஆற்றலும் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல், ஆகின்றன. கோர்சகோஃப் மறதியோ முழுமையாகத் திரும்புவது அரிது. எனவே 41ஆம் நாளில் மாலையைக் கழற்றுபவர், குணமாகத் தொடங்கிய, ஆனால் இன்னும் குணமாகாத மூளையோடு பழைய தெருவுக்குத் திரும்புகிறார். அவர் மீண்டும் குடித்தால் அதைச் சத்தியத்தை மீறிய பாவமாக மட்டும் காண்பது, அவரை அவமானத்திலும், அந்த அவமானத்திலிருந்து மேலும் குடிக்கும் தள்ளிவிடும்.

இரண்டாவது எல்லை உயிர் பற்றியது. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சத்தியம் செய்த அன்றே முற்றிலும் நிறுத்தினால், மதுவின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னைக் கூர்மையாக்கிக்கொண்ட மூளை கட்டவிழ்கிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும் தூக்கமின்மையும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் இல்லாதவற்றைக் காணுதல், காய்ச்சல், கடும் மனக்குழப்பம் ஆகியவை சேர்ந்த டெலிரியம் டிரெமன்ஸ் என்னும் நிலையும் சிலருக்குத் தோன்றலாம். சிகிச்சை இல்லாவிட்டால் அது உயிரைப் பறிக்கவும் கூடும். இந்நிலையைப் பேய் பிடித்ததாகவோ தெய்வக் குற்றமாகவோ எண்ணி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தாமதிப்பது பெரும் தீங்கு. டயஸிபாம் போன்ற மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதாலும், தயமினை ஊசி வழியாகச் செலுத்துவதாலும், குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினைப் பின்தள்ளாதிருப்பதாலும் அந்நாட்களைப் பெரும்பாலோர் பாதுகாப்பாகக் கடக்கின்றனர்.

விடுபட்ட பகுதி

வரி, விலக்கு, சத்தியம் ஆகிய மூன்றும் இவ்வட்டாரத்தில் மாறி மாறி முயலப்பட்டன. நான்காவதாகிய சிகிச்சை மிகத் தாமதமாகவே வந்தது. 1957இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மனநல மையத்தைத் தொடங்கியபோதும், 1960இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோதும், இம்மாவட்ட மக்கள் எட்டிப்பிடிக்கக்கூடிய தொலைவில் மருத்துவ உதவி அமைந்தது. குடிநோய்க்கென்றே தனி மருத்துவமனையாகச் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை 1980இல் எழுந்தது. ஆயினும், அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுச்சார்பு உடைய இந்தியர் ஏறத்தாழ 2.9 கோடி, அவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றவர்.

1948இல் டென்மார்க்கில் கண்டறியப்பட்ட டைசல்ஃபிராம் என்னும் மருந்தின் கதை, சத்தியமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதைக் காட்டுகிறது. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் மூச்சுத்திணறலும் வருவதால், காலையில் தெளிவோடு விழுங்கும் ஒரு மாத்திரை மாலையின் உந்துதலைக் கட்டிவைக்கிறது. ஆனால் அது நோயாளி அறிந்து, ஒப்பி, மருத்துவர் மேற்பார்வையில் உண்ணும்போதே மருந்து. குடும்பத்தார் சோற்றில் ஒளித்துக் கொடுத்தால் அவர் தெரியாமல் குடித்து உயிருக்கே ஆபத்து வரலாம். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற பிற்கால மருந்துகள், மதுவின் மீதான ஆவலையே தணிக்க உதவுகின்றன.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் இருநூறு ஆண்டு வரலாறு ஒரு தெளிவான பாடத்தைத் தருகிறது. 1938இன் சட்டமும் 1992இன் பெண்கள் எழுச்சியும் மதுவைத் தொலைவுக்குத் தள்ளியபோது பல குடும்பங்கள் மூச்சு விட்டன. ஆனால் தள்ளப்பட்ட மதுவைத் தேடிச்செல்லும்படி ஏற்கெனவே மாறிவிட்டிருந்த மூளைகளுக்கு மருத்துவம் தரப்படாததால், கள்ளச்சாராயத்துக்கு வாடிக்கையாளர்கள் காத்திருந்தனர். அவர்களின் பெருக்கமே மதுவிலக்கின் தோல்விக்குச் சான்றாகக் காட்டப்பட்டு, விலக்கும் கைவிடப்பட்டது. சத்தியம் செய்ய வருபவரிடம் மனம் மாறத் தொடங்கிவிட்டது. அம்மாற்றம் நிலைப்பதற்கு முதல் வாரத்தின் மருத்துவக் காவலும், முதல் ஓராண்டின் தொடர் கவனிப்பும், கடை எட்டாத தொலைவில் இருப்பதும் தேவைப்படுகின்றன. ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் தயமினும், நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும், அவற்றைக் கொடுக்கத் தெரிந்த ஒருவரும் இருக்குமாறு செய்வதற்குக் கலால் வருவாயில் ஒரு சிறு பங்கே போதும். அந்த வருவாயின் பெரும்பகுதியை நாள்தோறும் செலுத்தி வருபவர்களுக்கு அரசு பட்டிருக்கும் கடன் அது.